வண்டிக்கு ஒரு கொட்டகை

கேள்வி: கடலூரில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். காரையும் ஸ்கூட்டரையும் நிறுத்தக் கழற்றி மாட்டும் கொட்டகை வாங்க எண்ணம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கூரைத் துணியின் வர்ணத்திலும் பளபளப்பிலும் மனத்தைப் பறிகொடுத்து, அதைத் தாங்கும் கால்களையும், அக்கால்களைப் பூமியோடு பிணைக்கும் முளைகளையும் பற்றி ஒரு வார்த்தைகூட விசாரிக்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவதுதான் இவ்விஷயத்தில் சர்வசாதாரணமாக நிகழ்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலைச் சந்தித்த ஊரில் வசிக்கும் தங்களுக்குக் காற்றின் பராக்கிரமத்தை நான் வர்ணிக்க வேண்டுவதில்லை. அது கூரையை மேலிருந்து அழுத்துவதைக் காட்டிலும், அடியில் புகுந்து உயரத் தூக்குவதே அபாயகரமானது. ஆதலால் சிமெண்டுத் தரையாயின் ஆங்கர் போல்ட்டாலும், மண் தரையாயின் ஆழ இறங்கும் திருகு முளையாலும் ஒவ்வொரு காலையும் இறுக்கியே ஆக வேண்டும். (மூலைக்கு இரண்டு செங்கல் வைத்துத் திருப்தியடைவோரும் உண்டு, அவர்களைப் பின்பற்ற வேண்டாம்.)

உப்புக்காற்றுக்கு, வெறும் பெயின்ட் பூசிய இரும்பு ஈடுகொடாது. உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த குழாயே உசிதம். கூரைக்குப் புறஊதாக் கதிரைத் தாங்கும் பி.வி.சி. பூசிய துணியைக் கேளுங்கள். மலிவான நீலத் தார்ப்பாய் நம் வெயிலில் சீக்கிரமே நைந்துபோகும். சரிவும் அவசியம்: ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10 செ.மீ. நீர் தேங்கினால் அதன் பாரம் 100 கிலோ. பக்கங்களை முழுவதும் மூடினால் ஈரம் உள்ளே தங்கித் துருவை வளர்க்கும்.

தரையில் துளையிடுமுன் வீட்டுக்காரரின் சம்மதத்தைப் பெறுங்கள்; புயல் எச்சரிக்கை வந்தால், தாமதியாமல் துணியைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள்.