பதிப்புரிமைச் சட்டமும் நூல் வெளியீட்டுத் துறையின் வளர்ச்சியும்

"பதிப்புரிமைச் சட்டம் நூலாசிரியரைப் பாதுகாத்தது, அதனால் நூல் வெளியீடு வளர்ந்தது." இந்த விடயம் பற்றிய வினாவுக்கு மாணவர் பலர் இவ்வாறு ஒரே வரியில் விடையளிப்பர். இது பாதி விடையே. சட்டம் இருந்த நாட்டில் நூல்களின் விலை உயர்ந்ததும், பிறநாட்டு நூல்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாத நாட்டில் அச்சுத்தொழில் பெருகியதும் வரலாற்றில் உண்டு. மீதிப் பாதியை இங்கு நோக்குவோம்.

1. பதிப்புரிமை என்றால் என்ன?

ஒரு நூலை அச்சிடுதல், விற்றல், மொழிபெயர்த்தல் ஆகியவற்றுக்காக அதன் ஆசிரியருக்கோ அவரிடம் உரிமை பெற்றவருக்கோ குறித்த காலத்துக்குச் சட்டம் வழங்கும் தனியுரிமையே பதிப்புரிமையாகும். இதில் "குறித்த காலத்துக்கு" என்னும் சொற்களை மனத்திற் கொள்க.

ஒரு நூலை எழுதப் பல வருடங்கள் செல்லலாம்; அதைப் பார்த்து மறுபடி அச்சிடச் சில நாட்கள் போதும். முதல் வெளியீட்டாளர் ஆசிரியருக்கும் பணம் கொடுக்கிறார். பார்த்து அச்சிடுபவருக்குக் கடதாசிச் செலவும் அச்சுக் கூலியுமே உண்டு. எனவே அவர் குறைந்த விலைக்கு விற்பார், முதல்வர் நட்டமடைவார். இதைத் தடுக்கவே தனியுரிமை தேவைப்படுகிறது. ஆனால் தனியுரிமை உள்ள இடத்திற் போட்டி இல்லை. போட்டி இல்லாவிடின் விலை உயரும். ஆகவே உரிமை வேண்டுமா என்பதுடன், எவ்வளவு காலத்துக்கு வேண்டும் என்பதும் முக்கிய வினாவாகும்.

2. இங்கிலாந்தின் அனுபவம்

1557 இல் அரச பட்டயம் பெற்ற இலண்டன் அச்சாளர், புத்தக வணிகர் சங்கமே நீண்ட காலம் அச்சுரிமையைத் தன் கையில் வைத்திருந்தது. ஆசிரியர் கையெழுத்துப் பிரதியை ஒரு தொகைக்கு விற்றுவிட்டால் அதன்பின் அவருக்கு எவ்வித உரிமையும் இருக்கவில்லை. 1695 இல் அச்சு அனுமதிச் சட்டம் காலாவதியாகவே, சங்கத்தின் பிடி தளர்ந்தது.

1710 இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம் முதன்முறையாக ஆசிரியரையே உரிமையாளராக ஏற்றது. அதன் ஏற்பாடுகள்:

(அ) புதிய நூல்களுக்கு 14 வருட உரிமை.
(ஆ) அக்காலம் முடியும்போது ஆசிரியர் உயிருடன் இருப்பின் மேலும் 14 வருடங்கள்.
(இ) ஏற்கெனவே அச்சான நூல்களுக்கு 21 வருடங்கள்.

எனினும் தாம் வாங்கிய உரிமை என்றென்றைக்கும் உரியது என இலண்டன் வணிகர் வாதிட்டனர். எடின்பரோ நகரப் புத்தக வணிகரான அலெக்சாண்டர் டொனால்ட்சன், காலம் முடிந்த நூல்களை அச்சிட்டு மலிவாக விற்றார். ஜேம்ஸ் தொம்சன் என்னும் கவிஞரின் "பருவங்கள்" என்ற நூல் தொடர்பான வழக்கில், 1774 இல் பிரபுக்கள் சபை நிரந்தரப் பதிப்புரிமை இல்லை எனத் தீர்ப்பளித்தது.

இதன் விளைவாகப் பழைய நூல்களின் மலிவுப் பதிப்புகள் பெருகின. 1777 முதல் ஜோன் பெல் என்பவர் ஆங்கிலக் கவிஞரின் படைப்புகளை 109 சிறு தொகுதிகளாக வெளியிட்டமை இதற்குச் சிறந்த உதாரணமாகும்.

உரிமை நிலவிய புதிய நூல்களின் நிலையோ வேறு. 19 ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மூன்று தொகுதிகளாக வந்த புதிய நாவலின் விலை 31 சிலிங் 6 பென்ஸ் ஆகும். இது ஒரு கூலித் தொழிலாளியின் வாரக் கூலியிலும் அதிகம். எனவே வாசகர் நூலை வாங்காது, சந்தா செலுத்தி இரவல் நூலகங்களிற் பெற்று வாசித்தனர். இதே நூற்றாண்டில் உரிமைக் காலமும் நீண்டது. 1842 ஆம் ஆண்டுச் சட்டப்படி அது 42 வருடங்கள், அல்லது ஆசிரியரின் ஆயுளும் 7 வருடங்களும். இவற்றுள் எது நீண்டதோ அதுவாகும்.

3. ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம்

1790 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் தன் நாட்டுப் பிரசைகளையும் அங்கு வதிவோரையும் மட்டுமே பாதுகாத்தது. பிரித்தானிய நூல்களை நியூயோர்க், பிலடெல்பியா அச்சகங்கள் அனுமதியின்றி அச்சிட்டன.

நன்மைகள்: நூல்கள் மலிந்தன. வாசிப்பு பரவியது. அச்சு, கட்டடம், கடதாசித் தொழில்கள் வளர்ந்தன.

தீமைகள்: பிரித்தானிய ஆசிரியருக்குச் சட்டப்படி எதுவும் கிடைக்கவில்லை. 1842 இல் அங்கு சென்ற சாள்ஸ் டிக்கன்ஸ் இதுபற்றிப் பேசிப் பத்திரிகைகளின் கண்டனத்துக்கு உள்ளானார். அமெரிக்க எழுத்தாளரும் பாதிக்கப்பட்டனர். பணம் கொடாது டிக்கன்சின் நாவலை அச்சிடக்கூடிய வெளியீட்டாளர், பணம் கொடுத்து உள்நாட்டு இளம் எழுத்தாளரின் நாவலை ஏன் வாங்க வேண்டும்?

1891 இலேயே பிறநாட்டு ஆசிரியருக்கு அங்கு உரிமை கிடைத்தது. அதுவும் நூல் அமெரிக்காவிலேயே அச்சுக்கோக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையுடனாகும். 1886 இல் உருவான பேர்ண் சமவாயத்தில் அந்நாடு 1989 இலேயே இணைந்தது.

4. மதிப்பீடு

உரிமை இல்லாதபோது நூல் மலியும், எழுதுபவர் நலிவர். உரிமை அளவின்றி நீளும்போது வாசகர் நலிவர். எனினும் வளர்ச்சி முழுவதையும் சட்டத்தின் கணக்கிற் சேர்த்தல் தவறு. நீராவி அச்சியந்திரம், மரக்கூழ்க் கடதாசி, புகையிரதப் பாதை, பாடசாலைக் கல்வி என்பனவும் காரணங்களாகும்.

5. இலங்கையில்

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, உரிமை ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 வருடங்களும் நீடிக்கும். விமர்சனம், கற்பித்தல், ஆராய்ச்சி முதலியவற்றுக்கான நியாயமான பயன்பாடு அனுமதிக்கப்பட்டுள்ளது.

நம் நாட்டில் ஒரு தமிழ் நூல் பெரும்பாலும் சில நூறு பிரதிகளே அச்சாகும். அதனை நூறு பேர் முழுமையாகப் போட்டோப்பிரதி எடுத்தால், அச்சுச் செலவுகூட மீளாத ஆசிரியர் அடுத்த நூலை வெளியிட முடியாது. மறுபுறம், ஆசிரியர் மறைந்து பல வருடங்களாகியும், உரிமையாளர் யாரெனத் தெரியாமையால் மறுபதிப்புக் காணாது ஒரு நல்ல நூல் மறைந்துபோகவும் கூடும். இரண்டும் வாசகருக்கு இழப்பே.

மாதிரி வினா

(அ) 1710 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரு ஏற்பாடுகளைத் தருக. (2 புள்ளிகள்)
(ஆ) 1774 தீர்ப்பு நூல் வெளியீட்டுத் துறையில் ஏற்படுத்திய விளைவை உதாரணத்துடன் விளக்குக. (3 புள்ளிகள்)
(இ) "பதிப்புரிமை இன்மை அமெரிக்க நூல் வெளியீட்டுத் துறைக்கு நன்மையே செய்தது." இக்கூற்றை மதிப்பிடுக. (5 புள்ளிகள்)

விடைக் குறிப்பு: பகுதி (இ) இல் நன்மைகளை மட்டும் எழுதினால் முழுப் புள்ளிகள் கிடையா. அச்சகங்களின் வளர்ச்சியை முதலிற் கூறி, உள்நாட்டு எழுத்தாளர் அடைந்த பாதிப்பை அடுத்து எழுதுக. 1891 மாற்றத்தைக் குறிப்பிட்ட பின், உமது முடிபை ஒரு வாக்கியத்திற் தெளிவாகத் தருக.