வார்த்தையை மூடிவிட்டுப் படத்தைப் பார்

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. புதிதாக வாங்கிய தோத் டாரட் சீட்டுக்கட்டைப் பிரித்து மெத்தைமேல் பரப்பிவைத்து, "அக்கா, இதில் மந்திரவாதி மூன்று பேர் இருக்கிறார்கள், அச்சுப்பிழையா?" என்று கேட்டிருக்கிறாய். அதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு அடுத்த வரிதான் எனக்கு உறுத்தியது. சனிக்கிழமை ஒருவருக்கு இந்தக் கட்டை வைத்தே பலன் சொல்லப் போகிறாயாம். வேண்டாம். சனிக்கிழமைக்குப் பழைய ரைடர் கட்டையே எடுத்துப் போ.

நானும் ஒருமுறை அப்படிப் போனவள்தான். கட்டு வாங்கி நாலு நாள்கூட ஆகவில்லை. தெரிந்த பெண் ஒருத்தி, கணவனின் வேலை நிலைக்குமா என்று கேட்க வந்திருந்தாள். மூன்று சீட்டு எடுத்தோம். நடுவில் வாள் பத்து. நான் மடமடவென்று ஆரம்பித்துவிட்டேன்: ஒருவன் குப்புறக் கிடக்கிறான், முதுகில் பத்து வாள், ஆனால் தூரத்தில் வெளிச்சம் தெரிகிறது பார், கெட்டது முடிந்துவிட்டது என்று. அவள் சீட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கேக்கா அந்த ஆள்?" என்றாள்.

ஆள் இல்லை. வெளிச்சமும் இல்லை. நான் சொல்லிக்கொண்டிருந்தது 1909இல் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த ரைடர் சீட்டை. அது என் வீட்டு அலமாரியில் இருந்தது. மேசைமேல் இருந்த சீட்டில் வாள்கள் எல்லாம் நடுவிலிருந்த ஒரே வாளை நோக்கிக் கூடி, அதை உடைத்துக்கொண்டிருந்தன. அடியில் ஆங்கிலத்தில் 'ரூயின்' என்று அச்சடித்திருந்தது. நாசம். அவள் ஆளைத் தேடியபோது அந்தச் சொல்லைத்தான் கண்டாள். அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் அவள் காதில் விழவில்லை.

இரண்டு கட்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். ஸ்மித் நாடகக்காரர்களோடு பழகியவர். லண்டன் லைசியம் அரங்கின் நடிகை எலன் டெர்ரி அவருக்கு நெருக்கம். அவருடைய சீட்டு ஒவ்வொன்றும் ஒரு மேடை. யாரோ நிற்கிறார்கள், அழுகிறார்கள், மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். நீ 'இவர் என்ன செய்கிறார்?' என்று கேட்டாலே போதும், கதை தானாக வந்துவிடும். நீயும் நானும் அப்படித்தான் பழகினோம். தோத் கட்டை வரைந்த ஃப்ரீடா ஹாரிஸின் எண் சீட்டுகள் நாற்பதிலும் ஒரு மனிதர்கூடக் கிடையாது. காசு ஐந்தை எடுத்துக்கொள். ஸ்மித்திடம் பனியில் நொண்டிப்போகும் இரண்டு ஏழைகள், தலைக்குமேல் விளக்கெரியும் சர்ச் ஜன்னல். ஹாரிஸிடம் ஐந்து கனத்த வட்டுகள், ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நகரமுடியாத யந்திரம்போல இறுகி நிற்கின்றன. அங்கே வெளியே நிறுத்தப்பட்டவரின் குளிர். இங்கே ராத்திரி முழுக்க ஒரே கணக்கைத் திருப்பித் திருப்பிப் போடுகிறவரின் மண்டைக்குள். இரண்டையும் 'பணக் கஷ்டம்' என்று ஒரே வாயில் சொல்லிவிட்டுப் போனால் வரைந்த இருவரையுமே அவமதிக்கிறோம்.

அதனால் முதல் வேலையாக வெள்ளைக் காகிதத்தில் ஒரு பட்டை வெட்டிக்கொள். சீட்டின் அடியில் இருக்கும் தலைப்பை மூடும் அகலம் இருந்தால் போதும். துக்கம், கொடூரம், கவலை, நாசம் என்றெல்லாம் அங்கே ஆங்கிலத்தில் இருக்கிறதே, அந்தத் தலைப்புகள் ஓவியர் வைத்தவை அல்ல. கோல்டன் டான் என்ற பழைய ரகசியச் சபையின் பட்டியலிலிருந்து பெரும்பாலும் வந்தவை. வாள் பத்தை அவர்களும் நாசத்தின் அதிபதி என்றுதான் அழைத்தார்கள். படத்துக்கு முந்திய சொற்கள் அவை. படத்தைப் பார்க்க விடாமல் குறுக்கே வந்து நிற்கும்.

ஒரு மாதம் நாளுக்கு ஒரு சீட்டு. புத்தகம் வேண்டாம். பார்த்ததை வாய்விட்டுச் சொல், தமிழில் சொல். ஆங்கிலத்தில் சொன்னால் படித்ததுதான் வரும். தமிழில் சொல்லும்போது நின்று யோசிக்க வேண்டியிருக்கும். கிண்ணம் ஏழில் தாமரைகளிலிருந்து ஒரு பச்சை ஒழுகுகிறது. அது என்ன பச்சை? கிளிப்பச்சையா, இலைப்பச்சையா? எனக்கு இரண்டும் ஒட்டவில்லை. மூன்றாம் நாள், கழுவாத தொட்டியின் பாசிப் பச்சை என்று பட்டது. இனிப்பு கெட்டுப்போய் வழிகிறது என்று அதன்பிறகே தெரிந்தது. அடியில் அச்சடித்திருக்கும் சொல்லுக்குக் காமக் களியாட்டம் என்று பொருள். நான் என் நோட்டில் எழுதிக்கொண்டது 'திகட்டல்'. பலகாரமும் திகட்டும், பாராட்டும் திகட்டும், ஓயாத ஃபோன் பேச்சும் திகட்டும். வந்து உட்காருகிறவர்களுக்கு அந்தச் சொல் உடனே பிடிபடுகிறது. உனக்கு வேறு சொல் வரலாம். வரட்டும்.

பிறகு சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வை. இந்தக் கட்டில் எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான். ஆறாம் எண் காதலர்களையும் பதினாலாம் எண்ணையும் எடு. ரைடர் கட்டில் பதினாலு நிதானம். இங்கே அதன் பெயரே கலை. காதலர்களில் கறுத்த ராஜாவும் வெளுத்த ராணியும் எதிரெதிரே நிற்கிறார்கள், கீழே சிவப்புச் சிங்கமும் வெள்ளைக் கழுகும். பதினாலில் அந்த இரண்டு பேரும் ஓருடல், இரண்டு முகம். நெருப்பையும் நீரையும் ஒரே கொப்பரையில் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது கீழே பார். சிங்கம் வெளுத்துவிட்டது. கழுகு சிவந்துவிட்டது. நான் இதைக் கவனிக்க எட்டு மாதமானது. கல்யாணமாகிப் பல வருஷமான தம்பதி யாராவது வந்து உட்கார்ந்து இந்த இரண்டும் சேர்ந்து விழுந்தால், நீ எதுவும் பேச வேண்டாம். இரண்டையும் அவர்கள் பக்கமாகத் திருப்பிவை.

ஹாரிஸைப் பற்றிக் கொஞ்சம். 1938இல் வேலையைத் தொடங்கியபோது அவருக்கு அறுபது வயது. கணவர் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். கூட இருந்து சொல்லிக்கொடுத்தவர் மாந்திரீகர் அலீஸ்டர் குரோலி. அந்த ஆளை நான் என் வீட்டு வாசலுக்குள் விடமாட்டேன், ஆனால் படிப்பு இருந்தது என்பதையும் மறுக்கமாட்டேன். சில மாதங்களில் முடியும் என்று ஆரம்பித்தது, லண்டன்மேல் குண்டு விழுந்த காலமெல்லாம் தாண்டி, 1943வரை இழுத்தது. சில சீட்டுகளை எட்டு தடவைவரை மறுபடி வரைந்திருக்கிறார். தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனர் வழிவந்தவர்களிடம் அவர் கற்ற வடிவகணிதம்தான், சீட்டின் ஓரத்தைத் தாண்டி எங்கேயோ போய்ச் சேருவதுபோல ஓடும் அந்தக் கோடுகள். அவற்றை விரலால் தொடர்ந்து போய்ப் பார், எந்த இடத்தில் கண் இழுபடுகிறது என்று தெரியும். இந்தச் சீட்டுகளைப் பற்றிய குரோலியின் புத்தகம் 1944இல் இருநூறே பிரதிகளாக வந்தது. குரோலி 1947இல் போய்ச் சேர்ந்தார். கணவர் இறந்தபின் ஹாரிஸ் இந்தியாவுக்கு வந்துவிட்டார், 1962இல் ஸ்ரீநகரில் காலமானார். சீட்டுகள் கட்டாக அச்சாகி வெளிவந்தது 1969இல். ஐந்து வருஷ வேலையை ஒரு கட்டாகக் கையில் வைத்துக் கலைத்துப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை. நீ நாலு நாளில் பலன் சொல்லக் கிளம்புகிறாய்!

யாராவது இது எகிப்து ரகசியம் என்று ஆரம்பித்தால் தலையாட்டிவிட்டு வந்துவிடு. டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாடப் பிறந்த சீட்டு. எகிப்துக் கதை 1781இல் கூர் தெ ஜெப்லான் என்ற பிரெஞ்சுக்காரர் கிளப்பிவிட்டது. அந்த ஊகத்தின் எச்சமாகத்தான் உன் கட்டுக்கு ஓர் எகிப்தியக் கடவுளின் பெயர்.

மாதம் முடிந்து மற்றவர்களுக்கு எடுக்கும்போதும் காகிதப் பட்டையைக் கையில் வைத்துக்கொள். சீட்டைத் திருப்பியதும் வாயைத் திறக்காதே. "என்ன தெரியுது?" என்று கேள், அவ்வளவுதான். கிண்ண ராணி வந்தால் இன்னும் பொறுமை. அவள் முகம் சரியாகத் தெரியாது, வெளிச்சமும் தண்ணீரில் விழும் பிம்பமும் சேர்ந்து அதை மறைத்திருக்கும். ஒருவர் அதில் தன் அம்மா என்றார், ஒருவர் தான் விட்டுவந்த வேலை என்றார். அதைத் திருத்த நமக்கு உரிமையில்லை. வேலை எந்தத் தேதியில் கிடைக்கும், விசா வருமா என்று கேட்கிறவர்களிடம், சீட்டுக்குத் தேதி தெரியாது என்று காசு வாங்குமுன்பே சொல்லிவிடு. சிலர் எழுந்து போவார்கள். போகட்டும்.

இந்தச் சீட்டு கொஞ்சம் பெரிது, உன் கையில் கலைப்பதற்குள் நாலு தரையில் விழும். மேசைமேல் கொட்டி இரண்டு கையாலும் துழாவிக் கலை. எதிரே இருப்பவரையும் ஒரு கை போடச் சொல்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: மூன்று மந்திரவாதி விஷயம். ஹாரிஸ் அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட படம் வரைந்தார். சில பதிப்புகளில் மூன்றையும் சேர்த்தே அச்சடித்தார்கள். மூன்றையும் ஒரு வாரம் எதிரே வைத்துப் பார்த்து, எது உன்னோடு பேசுகிறதோ அதைக் கட்டில் வைத்துக்கொள். நான் குரங்கு தொற்றிக்கொண்டிருக்கிற மந்திரவாதியை வைத்துக்கொண்டேன். மீதி இரண்டில் ஒன்று என் நோட்டில் பக்க அடையாளமாகக் கிடக்கிறது. இன்னொன்றை, "எங்கேக்கா அந்த ஆள்?" என்று கேட்டவள் பிறகொருநாள் வந்தபோது கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.