திறப்புக் கோர்வையில் ஒரு சிறு விளக்கு
கறையில் உருக்கின் நிறைகளும் குறைகளும்

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் எமது நாட்டில் ஒரு நாளில் 13 மணித்தியாலங்கள் வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. கைப்பேசியின் வெளிச்சத்தையே நம்பியிருந்தவர்கள், அதன் மின்னூட்டம் தீர்ந்ததும் இருளில் தடுமாறினர். திறப்புக் கோர்வையில் தொங்கும் விரலளவு டோர்ச் ஒன்று இத்தகைய வேளைகளில் எவ்வளவு பெரிய உதவி என்பதை விளக்கத் தேவையில்லை. படிக்கட்டில் இறங்கவும், பூட்டின் துவாரத்தைத் தேடவும், சுபஹ் வேளையில் வுழூச் செய்யச் செல்லவும் அதன் சிறு ஒளி போதுமானது.

கடையில் இவ்வாறான டோர்ச் ஒன்றை எடுத்துப் பார்த்தால், "இது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், துருவே பிடிக்காது, ஆயுள் முழுக்கப் பாவிக்கலாம்" என்று கடைக்காரர் கூறுவார். விலையும் சற்று அதிகமாக இருக்கும். அந்த மேலதிக விலைக்கு நமக்குக் கிடைப்பது என்ன? இழப்பது என்ன? பாடப்புத்தகத்தில் கற்ற சில எளிய கணக்குகளே இதற்கு விடை தரும்.

கறையில் உருக்கு என்பது யாது?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை நாம் விஞ்ஞான பாடத்தில் கறையில் உருக்கு என்கிறோம். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஹரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழல்கள் விரைவில் தேயாதிருக்க ஏற்ற உருக்கைத் தேடினார். அப்போது 12.8 சதவீதம் குரோமியம் கலந்த உருக்கொன்றை உருவாக்கினார். அது துப்பாக்கியைவிட உணவு மேசைக் கத்திகளுக்கே முதலில் புகழ் சேர்த்தது.

உருக்கில் ஏறத்தாழ 10.5 சதவீதத்துக்கு மேல் குரோமியம் இருந்தால், அது வளியிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து மேற்பரப்பில் குரோமியம் ஒட்சைட்டுப் படலமொன்றை உண்டாக்குகின்றது. சில நனோமீற்றர் தடிப்பு மாத்திரமே கொண்ட இப்படலம் கண்ணுக்குத் தெரியாது. கீறல் விழுந்தாலும் ஒட்சிசன் இருக்கும்வரை அது தானாகவே மீண்டும் உருவாகும். இந்த உலோகத்தின் பெருமை முழுவதும் இப்படலத்திலேயே தங்கியுள்ளது.

நிறைகள்

முதலாவது, உராய்வைத் தாங்கும் தன்மை. திறப்புக் கோர்வையில் டோர்ச் நாள் முழுவதும் திறப்புகளோடு மோதிக்கொண்டிருக்கும். அலுமினிய டோர்ச்சுகளின் மேற்பரப்பை மின்னிரசாயன முறையால் கடினமாக்கி நிறமூட்டுவார்கள். அந்தப் பூச்சு கடினமானதே. ஆயினும் விளிம்புகளில் அது தேய்ந்து, உள்ளிருக்கும் மென்மையான வெள்ளை உலோகம் வெளித்தெரியத் தொடங்கும். கறையில் உருக்கிலோ உரிவதற்குப் பூச்சே இல்லை. கீறல்கள் விழும், ஆனால் மேலும் கீழும் ஒரே உலோகம் என்பதால் தேய்த்து மினுக்கிவிடலாம்.

இரண்டாவது, மின்கலக் கசிவைத் தாங்கும் தன்மை. பலரும் கவனிக்காத நன்மை இதுவே. சிறிய டோர்ச் பெரும்பாலும் மாதக்கணக்கில் பாவிக்கப்படாமல் கிடக்கும். அவ்வேளையில் உள்ளிருக்கும் கார மின்கலம் கசிந்தால் வெளிவருவது பொற்றாசியம் ஐதரொட்சைட்டு. அலுமினியம் ஈரியல்புடைய உலோகம். அமிலத்துடன் மட்டுமன்றி வன்காரத்துடனும் தாக்கமடைந்து ஐதரசனை வெளியேற்றும். இதனால் குழாயின் உட்புறம் அரிக்கப்பட்டு, மின்கலம் உள்ளேயே இறுகி, டோர்ச்சை வீசவேண்டிய நிலை ஏற்படும். கறையில் உருக்கு அறை வெப்பநிலையில் இந்தக் காரத்தை நன்கு தாங்கும். கழுவித் துடைத்தால் குழாய் பழையபடி இருக்கும்.

மூன்றாவது, வலிமை. உருக்கின் வலிமை காரணமாகச் சுவரை மெல்லியதாகக் கடைந்தாலும் அது எளிதில் நெளியாது. திறப்பு வளையம் கோக்கப்படும் சிறு துளையும் விரைவில் தேய்ந்து அறாது.

குறைகள்

குறைகளில் முதலில் கைக்குத் தெரிவது பாரம். ஏ.ஏ.ஏ. மின்கலம் ஒன்று பொருந்தும் குழாய் ஒன்றைக் கற்பனை செய்வோம். நீளம் 7 சென்ரிமீற்றர், வெளிவிட்டம் 14 மில்லிமீற்றர், உள்விட்டம் 11 மில்லிமீற்றர் எனின், அதிலுள்ள உலோகத்தின் கனவளவு ஏறத்தாழ 4.1 கன சென்ரிமீற்றர். அலுமினியத்தின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 2.7 கிராம், கறையில் உருக்கின் அடர்த்தி ஏறத்தாழ 8 கிராம். ஆகவே அலுமினியக் குழாய் 11 கிராம். உருக்குக் குழாய் 33 கிராம். மின்கலத்தின் 11 அல்லது 12 கிராமையும் சேர்த்தால், 23 கிராமுக்கும் 44 கிராமுக்கும் இடையிலான வேறுபாடு அது. கைப்பையில் இது பொருட்டல்ல; சட்டைப்பையில் உணரப்படும். அதே பையில் கைப்பேசி இருந்தால் அதன் ஓரங்களுக்கும் ஆபத்துத்தான்.

இரண்டாவது குறை வெப்பம். ஒளிகாலும் இருவாயி தனக்குக் கிடைக்கும் மின்சக்தியில் பெரும்பங்கை வெப்பமாகவே மாற்றுகின்றது. அவ்வெப்பம் விரைவில் அகலாவிடின் ஒளி குன்றும். இருவாயியின் ஆயுளும் குறையும். டோர்ச்சின் உடலே வெப்பத்தை வெளியேற்றும் வழியாகும். வெப்பக் கடத்தாறு, டோர்ச் உடல்களுக்குப் பயன்படும் 6061 வகை அலுமினியக் கலப்புலோகத்துக்கு ஏறத்தாழ 167; 304 வகைக் கறையில் உருக்குக்கு ஏறத்தாழ 16. பத்து மடங்கு வித்தியாசம்!

மேற்கூறிய குழாயின் ஒரு முனையில் 1 வாற்று வெப்பம் பிறந்து, அது முழுவதும் மறுமுனை வரை கடத்தப்படவேண்டும் என வைத்துக்கொள்வோம். அலுமினியத்தில் இரு முனைகளுக்கும் இடையிலான வெப்பநிலை வித்தியாசம் 7 பாகை. உருக்கில் 74 பாகை. உண்மையில் பக்கங்களாலும் கையாலும் வெப்பம் வெளியேறுவதால் இவ்வளவு வித்தியாசம் ஏற்படாது. ஆயினும் தலைப்பகுதி கொதிக்க, நாம் பிடித்திருக்கும் வால்பகுதி குளிர்ச்சியாகவே இருக்கும் என்பதை இக்கணக்கு உணர்த்துகின்றது. கை நமக்கு எச்சரிக்கை தராது.

இதே கணக்கை 0.1 வாற்றுக்குச் செய்து பாருங்கள். உருக்கிலும் வித்தியாசம் 7 பாகையளவே! 0.1 வாற்று மின்சக்தியில் நல்ல இருவாயி ஒன்று 10 லூமன் அளவு ஒளி தரும். வீட்டினுள் நடக்கவும் பூட்டைத் திறக்கவும் அது தாராளம். ஆகவே வெப்பம் என்பது கறையில் உருக்கின் குறை மட்டுமல்ல; அதனிடம் நாம் எவ்வளவு ஒளியை எதிர்பார்க்கிறோம் என்பதைப் பொறுத்த குறை.

மூன்றாவது குறை, திருகுபுரிகள் இறுகுதல். சிறு டோர்ச்சுகள் பலவற்றைத் தலையைத் திருகியே ஒளிரச் செய்கிறோம். கறையில் உருக்கின் மீது கறையில் உருக்கு அழுத்தி உராயும்போது மெல்லிய ஒட்சைட்டுப் படலம் கிழிந்து, இரு பக்க உலோகங்களும் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளக்கூடும். மணல் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். எனவே புரிகளைத் துடைத்து, சிறிது சிலிக்கன் கிறீஸ் இடுவது அவசியம்.

ஒரு வீண் பயம்

கறையில் உருக்கு மின்னையும் மந்தமாகவே கடத்துவதால் ஒளி மங்கும் எனச் சிலர் கருதுவர். நமது குழாயின் தடையைக் கணித்தால் அது 1 மில்லி ஓமைவிடச் சற்றுக் குறைவு. 1 அம்பியர் மின்னோட்டத்துக்கும் இழப்பு 1 மில்லி வோல்ற்றைத் தாண்டாது. ஒளியை மங்கச் செய்வது பெரும்பாலும் புரியில் படிந்த அழுக்கே.

"துருவே பிடிக்காது" என்பது சரியா?

முழுமையாகச் சரியல்ல. 304 வகையில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. உப்பிலுள்ள குளோரைட்டு அயன்கள் அதன் காப்புப் படலத்தைத் துளைத்து, சிறு குழிகளையும் கபில நிறக் கறைகளையும் உண்டாக்கலாம். காத்தான்குடி, கல்முனை, பேருவளை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும், எல்லோர் கையிலும் வியர்வையும் உள்ளன. 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் சேர்ந்த 316 வகை இதை மேலும் நன்றாகத் தாங்கும். கடைசல் இயந்திரத்தில் இலகுவாக வெட்டுவதற்காகக் கந்தகம் சேர்க்கப்பட்ட 303 வகையோ குறைவாகவே தாங்கும். நிக்கலையும் சற்றுக் கூடுதலாக வெளிவிடும். போலிக் காதணியோ ஹிஜாப் ஊசியோ பட்டாலே தோல் அரிக்கும் மாணவியர் இதைக் கவனத்திற்கொள்வது நல்லது.

காந்தம் ஒட்டினால் போலி என்பதும் முடிந்த முடிபல்ல. 304 பெரும்பாலும் காந்தத்தால் கவரப்படாது. ஆனால் கத்தி செய்யும் கறையில் உருக்கு வகைகள் கவரப்படும். குரோமியம் பூசிய நாகக் கலப்புலோகமோ காந்தத்தில் ஒட்டாமலே ஏமாற்றிவிடும். தலையைக் கழற்றித் திருகுபுரியைப் பார்ப்பது மேலான சோதனை. உள்ளும் புறமும் ஒரே நிறமா, கையில் பாரம் தெரிகிறதா என்று பாருங்கள்.

எதைத் தெரிவு செய்வது?

இரவில் நெடுந்தூரம் நடக்கவோ பெரிய முற்றத்தை ஒளியூட்டவோ விரும்புபவருக்கு அலுமினியமே ஏற்றது. வெப்பம் விரைந்து அகலும்; பாரமும் குறைவு. எப்போதும் உடனிருந்து, அவ்வப்போது சிறிதளவு ஒளி தந்து, ஆண்டுக்கணக்கில் திறப்புகளோடு மோதிக்கொண்டிருக்க வேண்டிய டோர்ச்சுக்குக் கறையில் உருக்கு தகுந்தது. பாரத்தை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எந்த உலோகமாயினும், நீண்ட நாள் பாவிக்காதபோது மின்கலத்தை வெளியே எடுத்து வையுங்கள். விலை குறைந்த நாக-காபன் கலங்களிலிருந்து கசியும் குளோரைட்டுகள் கறையில் உருக்கையும் விட்டுவைக்கா. மாதத்தில் ஒரு நாள் டோர்ச்சைத் திறந்து, துடைத்து, ஒளிர்கிறதா எனப் பார்த்து வையுங்கள். அடுத்த மின்வெட்டு முன்கூட்டியே அறிவித்துவிட்டு வருமென்ற உறுதியில்லை.