ஊட்டி சீசனை எண்ணுவது எப்படி?

2022-இல் தமிழ்நாட்டுக்கு வந்த உள்நாட்டுச் சுற்றுலாப் பயணிகள் சுமார் 21.86 கோடி என்கிறது மத்திய சுற்றுலா அமைச்சகம். 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் மக்கள்தொகை 7.21 கோடி. அதைப்போல் மூன்று மடங்கு பேர் வந்துபோனார்களா? இல்லை. எண்ணப்படுபவை வருகைகள், ஆட்கள் அல்ல. மதுரை, ராமேஸ்வரம், கொடைக்கானல் என்று சுற்றிவரும் ஒரே குடும்பம் மூன்று இடத்திலும் கணக்கில் ஏறும். மேடைப் பேச்சுக்கு அந்த எண் போதும். மே மாத ஞாயிற்றுக்கிழமை குன்னூரில் குழாயில் தண்ணீர் வருமா என்று கேட்பவருக்கு அதனால் பயனில்லை.

இந்த வழிகாட்டி அப்படிக் கேட்பவர்களுக்கு: நீலகிரியின் குடியிருப்போர் சங்கத்தார், ஹோம்ஸ்டே நடத்துபவர்கள், ஊராட்சி உறுப்பினர்கள், கல்லூரி மாணவர் குழுக்கள். கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் சிறு மாற்றங்களோடு பொருந்தும்.

முதல் வேலை: கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"சுற்றுலாவால் என்ன பாதிப்பு?" என்பது கேள்வி அல்ல, புலம்பல். "மே மாத ஞாயிறுகளில் எங்கள் வார்டில் குப்பை அள்ள இன்னும் எத்தனை வண்டி வேண்டும்?" என்பது கேள்வி. அதற்கு எது வேண்டுமோ அதை மட்டும் எண்ணுங்கள். படிவத்தில் ஒரு கட்டம் கேள்விக்குப் பதில் சொல்ல உதவவில்லை என்றால், இப்போதே அடித்துவிடுங்கள். வாங்காத தகவலைப் பாதுகாக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை.

பிறகு, யாரை எண்ணுவது என்று முடிவு செய்யுங்கள். சுற்றுலாப் புள்ளிவிவரத்துக்காக ஐ.நா. 2008-இல் வகுத்த பரிந்துரைகள் இன்றும் அடிப்படை. வழக்கமான வாழிடத்தை விட்டு, ஓராண்டுக்குக் குறைவாக, வந்த இடத்தில் சம்பள வேலைக்காக அல்லாமல் வருபவர் வருகையாளர். ஓர் இரவாவது தங்கினால் சுற்றுலாப் பயணி. அன்றே திரும்பினால் ஒருநாள் வருகையாளர். மேட்டுப்பாளையத்திலிருந்து தினமும் மேலே வேலைக்கு வருபவர் இரண்டிலும் சேரமாட்டார். மலை ரயிலில் வந்து மாலையே இறங்கிவிடுபவர் இரண்டாம் வகை. தண்ணீர்க் கணக்கில் இந்தப் பிரிப்பு பெரிய வித்தியாசத்தைக் காட்டும்.

ஏற்கெனவே இருப்பதை வாங்குங்கள்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. வண்டியின் வகை, எத்தனை பேர், ஒருநாள் பயணமா இரவு தங்கலா, எங்கே தங்குகிறார்கள் என்பதெல்லாம் அதில் கேட்கப்படுகின்றன. இதைவிட நல்ல மூலத் தகவல் மலையில் வேறெதுவும் இல்லை. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைக்கப்பட்டது.

தனித்தனி பாஸ்களின் விவரம் உங்களுக்குக் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. நாள்வாரியான மொத்தத்தைக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதினால் 30 நாளில் பதில் தரவேண்டும். மனுவை இப்படி எழுதலாம்: "2025 மே 1 முதல் 31 வரை, நாள்வாரியாக, வண்டி வகைவாரியாக வழங்கப்பட்ட இ-பாஸ் எண்ணிக்கை. பெயர், வண்டி எண், கைபேசி எண் தேவையில்லை." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். "தனிநபர் தகவல், தர இயலாது" என்ற பதிலுக்கு அது முன்கூட்டியே கதவடைத்துவிடும். நகராட்சியிடம் இதே முறையில் தினசரிக் குப்பை எடையையும், குடிநீர் விநியோக அளவையும் கேளுங்கள். தோட்டக்கலைத் துறையிடம் தாவரவியல் பூங்காவின் டிக்கெட் எண்ணிக்கை இருக்கும். ஆனால் பூங்கா, ரோஜாத் தோட்டம், படகு இல்லம் மூன்றின் டிக்கெட்டுகளையும் கூட்டிவிடாதீர்கள். அமைச்சகக் கணக்கைப் பற்றி மேலே சொன்ன கோளாறை நாமே செய்வதாகும்.

லாட்ஜ்கள் தாங்களாகச் சொல்லும் எண்ணிக்கையை நான் அவ்வளவாக நம்பமாட்டேன். உரிமம், வரி இரண்டும் அதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

விடுபட்டதை எண்ணுங்கள்

உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் இ-பாஸ் தேவையில்லை. ரயிலில் வருபவர்களும் அதில் இல்லை. பாஸ் எடுத்துவிட்டு வராதவர்களும் உண்டு. எனவே ஒரு புதன்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் சாலையோரம் உட்கார்ந்து எண்ணத்தான் வேண்டும். கால்மணிக்கு ஒரு கட்டம், கார், வேன், பேருந்து, இருசக்கர வண்டி என்று நான்கு வரிசை, ஐந்தைந்தாகக் கோடு. பத்து காருக்கு ஒரு கார் என்ற கணக்கில் உள்ளே எத்தனை தலை என்று மட்டும் பாருங்கள்.

சீசனில் குன்னூர் வழியாக மேலே ஏறி, கோத்தகிரி வழியாகக் கீழே இறங்க வேண்டும் என்று போக்குவரத்தை மாற்றுவார்கள். அந்த நாளில் பர்லியாறில் மட்டும் உட்கார்ந்தால் இறங்குபவர்களைத் தவறவிடுவீர்கள். கர்நாடக, கேரள வண்டிகளுக்குக் கூடலூர் பக்கம் தனியாக ஆள் வேண்டும்.

பதிவெண்ணில் முதல் பகுதியை மட்டும் பாருங்கள். டிஎன் 43 என்றால் உள்ளூர், மற்றவை வெளியூர். முழு எண்ணையும் எழுதாதீர்கள், படமும் எடுக்காதீர்கள். டிஎன் 43 டாக்ஸியில் சுற்றுலாப் பயணிதானே உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்பீர்கள். நியாயம்தான். மஞ்சள் பலகை வண்டிகளைத் தனி வரிசையில் போட்டுவிடுங்கள்.

வகுத்துப் பாருங்கள்

மொத்த எண்ணை வெறுமனே வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வார இறுதி வரம்பான 8,000 வண்டியை எடுத்துக்கொள்வோம். வண்டிக்கு நான்கு பேர் என்று வைத்தால் 32,000 பேர். 2011-இல் உதகை நகரின் மக்கள்தொகை 88,430. அந்த 32,000 பேரில் பாதிப்பேர் இரவு தங்கினால், சாதாரண ஓட்டல்களுக்குக் கட்டட விதிகள் வைத்திருக்கும் அளவான தலைக்கு 180 லிட்டர் கணக்கில், ஒரு நாளைக்கு 28.8 லட்சம் லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் வீட்டுக்குத் தரவேண்டிய அளவு தலைக்கு 135 லிட்டர்தான். இந்தக் கணக்கில் நான்கு, பாதி என்ற இரண்டும் ஊகங்கள். உங்கள் எண்ணிக்கை அந்த ஊகங்களின் இடத்துக்கு வரவேண்டும்.

சராசரியை நம்பாதீர்கள். ஆண்டு முழுவதற்குமான சராசரியில் மலர்க் கண்காட்சி வார இறுதி காணாமல் போய்விடும். உச்ச நாளையும் சாதாரண நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

விருந்தினர் பதிவேடு என்னும் அபாயம்

ஹோம்ஸ்டேகளின் வரவேற்பு மேசையில் கிடக்கும் பெரிய நோட்டைப் புரட்டினால், முந்தைய விருந்தினர் எல்லோருடைய பெயரும் கைபேசி எண்ணும் தெரியும். பக்கத்து அலமாரியில் ஆதார் ஜெராக்ஸ் கட்டு. அடையாளம் பார்க்கவேண்டும் என்பது சரி. அதற்குக் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரே போதும் என்று விருந்தினரிடம் நீங்களே சொல்லுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தை அரசின் தளத்தில் ஏற்றுவது கட்டாயம். ஏற்றியபின் பாஸ்போர்ட் படம் வாட்ஸ்அப் குழுவில் கிடக்கவேண்டிய அவசியம் இல்லை.

2023-இன் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. எதற்கு வாங்குகிறோம் என்று சொல்லி வாங்கவேண்டும். வேலை முடிந்ததும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாவிட்டால், அழிக்கவேண்டும். பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சின்ன ஹோம்ஸ்டேக்கு அவ்வளவு விதிக்கமாட்டார்கள் என்றாலும், பொறுப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஆய்வுக்கு விருந்தினர் தகவல் வேண்டுமென்றால், பதிவேட்டிலிருந்து தேதி, ஆள் எண்ணிக்கை, இரவுகள், மாவட்டம் அல்லது நாடு என்று நான்கை மட்டும் வேறொரு தாளில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயரை நீக்கியதோடு வேலை முடிவதில்லை. ஒரு சிற்றூருக்கு ஒரு மாதத்தில் ஒரே ஒரு ஜப்பானியர் வந்திருந்தால், "ஜப்பான்: 1" என்று அட்டவணை போட்டதுமே டீக்கடைக்காரருக்கு அவர் யாரென்று தெரிந்துவிடும். பத்துக்குக் குறைவான எண்களை மறைப்பது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கட்டத்தை மட்டும் மறைத்து மொத்தத்தைப் போட்டால், கழித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு கட்டங்களை மறையுங்கள், அல்லது நாடுகளைச் சேர்த்து "ஆசியா" என்று எழுதுங்கள்.

வெளியிடக்கூடாத இடங்களும் உண்டு. யாரும் போகாத அருவிக்கு ஞாயிற்றுக்கிழமை 40 பேர் வந்தார்கள் என்று வரைபடத்தோடு போட்டால், அடுத்த வாரம் 400 பேர் வருவார்கள். தோடர் மந்துகள், குறும்பர் ஊர்கள், சீகூர் யானைத் தடத்தை ஒட்டிய பாதைகள் ஆகியவற்றின் கணக்கை ஊர்ப்பெயர் இல்லாமல் வட்டார அளவில் மட்டும் சொல்லுங்கள். எண்ணத் தொடங்கும் முன்பே அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

எங்கே கொண்டுபோவது?

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், கோடை சீசனுக்குச் சரியாக முன்னால் வருகிறது. அந்தக் கூட்டத்துக்கு ஒரே தாள் போதும்: மேலே கேள்வி, நடுவில் உச்ச நாளும் சாதாரண நாளும், கீழே எப்படி எண்ணினோம், எதை ஊகித்தோம் என்று மூன்று வரி. "மே மாத ஞாயிறுகளில் கூடுதலாக இரண்டு குப்பை வண்டி" என்பதுபோல் ஒரே கோரிக்கையைத் தீர்மானமாக எழுதக் கேளுங்கள். நகர்ப்புறத்தில் அதே தாளை வார்டு கவுன்சிலரிடம் கொடுங்கள். தொகுத்த அட்டவணையை அடுத்த ஆண்டு ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் விவரம் எழுதிய தாள்களைச் சரிபார்த்து முடித்ததும் கிழித்துவிடலாம்.