திருக்குணகிரியும் பிற சமய அன்பர்களும்
(சிராவகர் பாடம்)

போடிநாயக்கனூருக்கு மேற்கே, ஏலத் தோட்டங்கள் நிறைந்த மலைச்சரிவின் அடியில் குரங்கணி என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அங்கிருந்து போடிக்கு இறங்கித் தெற்கே சென்றால், கம்பம் பள்ளத்தாக்கில் உத்தமபாளையம் வரும். பாண்டிய நாட்டு வணிகர் மலை கடந்து சேர நாட்டுக்குச் சென்ற வழிகள் இப்பகுதியில் இருந்தன. வணிகர் சென்ற வழியில் நம் அறவோரும் சென்றனர் என்பதற்கு உத்தமபாளையத்துப் பாறை சான்றாக நிற்கின்றது.

அப்பாறையில் தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசையாகப் புடைக்கப்பட்டுள்ளன. ஐந்தலை நாகம் குடை பிடிக்கும் பார்சுவநாதரையும், முக்குடையின் கீழ் விளங்கும் பகவான் மகாவீரரையும் அங்குத் தரிசிக்கலாம். வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இவ்விடத்தைத் திருக்குணகிரி என்று குறிப்பிடுகின்றன. அச்சணந்தி அடிகளின் பெயரும் அங்கே உள்ளது. பாறையின் அருகிலேயே கருப்பண்ணசாமி கோயில் இருப்பதால், ஊரார் இதனைக் கருப்பண்ணசாமி பாறை என்றே அழைப்பர். ஒரே பாறை இரு வழிபாட்டினர்க்கும் உரியதாய் விளங்குகின்றது.

இந்நிலை உத்தமபாளையத்தில் மட்டும் உள்ளதன்று. பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலையில், சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல், சாந்திவீரக் குரவர் என்னும் முனிவர் பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, 505 காணம் பொன் வைத்ததைக் கல்வெட்டு கூறுகின்றது. பிற்காலத்தார் அம்மலையைப் பாண்டவர் ஐவரோடு தொடர்புபடுத்தினர். மதுரைக்கு மேற்கே சமணமலையின் அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஐயனார் கோயிலும் உள்ளன. மேலே பேச்சிப்பள்ளத்தில் அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி இருக்கின்றது. மகனைத் துறவுக்கு ஈந்த தாயின் பெயரை அவ்வெழுத்து இன்றளவும் காத்து வருகின்றது.

இக்குன்றுகளுக்கு இன்று பல சமயத்தாரும் வருகின்றனர். எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை இயக்கத்தினர், 2010ஆம் ஆண்டு முதல் மதுரைப் பகுதிக் குன்றுகளுக்குக் குடும்பம் குடும்பமாக நடந்து சென்று, கல்வெட்டறிஞரின் விளக்கம் கேட்டு வருகின்றனர். 2013இல் சமணமலை அடிவாரத்து ஆலமரத்தைப் போற்றி விருட்சத் திருவிழா நடத்தினர். இத்தகைய கூட்டங்களில் நாமும் கலந்துகொள்ளலாமா, அதனால் நற்காட்சி பழுதுபடுமா என்னும் ஐயம் நம் குடும்பங்கள் சிலவற்றில் எழுகின்றது. இப்பாடம் அதனை ஆராய்கின்றது.

நற்காட்சியும் மூடமும்

உலக மூடம், தேவ மூடம், பாசண்டி மூடம் என்னும் மூன்றையும் நீக்குவது நற்காட்சிக்கு இன்றியமையாதது என்பதை அறிவோம். ஐயப்படுவோர் இதனையே எடுத்துக் காட்டுவர். அவர் கூற்றில் நியாயம் உண்டு. வீதராகர் அல்லாதவரை வீதராகராகக் கொண்டு, வரம் வேண்டி வணங்குவது தேவ மூடமே. கூட்டத்தின் மனம் நோகுமே என்று எண்ணி இதனை மறைத்தல் ஆகாது.

ஆயினும் வணங்குதல் வேறு, மதித்தல் வேறு. அண்டை வீட்டார் தம் தெய்வத்தை வழிபடும்போது அமைதியாக நிற்பது மூடமாகாது. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் மூடமின்மை ஒன்று. அவற்றுள்ளேயே பிறர் குறையைப் பாராட்டாத உபகூகனமும், அன்பு பாராட்டும் வாத்சல்யமும், அறத்தை விளங்கச் செய்யும் பிரபாவனையும் உள்ளன. ஓர் அங்கத்தைக் காப்பதற்காக மற்ற மூன்றையும் கைவிடுவது முறையாகாது. நம் பாறையைக் காண ஆவலோடு வருவோரிடம், அத்திருமேனி எவருடையது, அவர் ஏன் ஆடையும் ஆயுதமும் இன்றி அசையாது நிற்கின்றார் என்று எடுத்துரைப்பதைவிடச் சிறந்த பிரபாவனை எது?

அநேகாந்தமும் இதனையே கற்பிக்கின்றது. உத்தமபாளையத்துப் பாறை ஒரு நோக்கில் ஜினர் உறையும் திருக்குணகிரி. மற்றொரு நோக்கில் ஊரைக் காக்கும் தெய்வத்தின் இடம். வேறொரு நோக்கில் தொல்லியல் சின்னம். இவற்றை அறிவதால் நம் கொள்கை தளராது. எல்லாம் ஒன்றே என்பது அநேகாந்தமன்று. எந்த நோக்கில் எது உண்மை என்று பிரித்துரைப்பதே அநேகாந்தம்.

சமவசரண நெறி

பகவானின் சமவசரணத்தில் தேவரும் மனிதரும் விலங்கும் பன்னிரு கோட்டங்களில் ஒருங்கே அமர்வர். திவ்யத்வனி ஒவ்வோர் உயிர்க்கும் தத்தம் மொழியில் விளங்கும். பகை மறந்து கேட்பதே அங்கு நுழைவோர்க்குரிய ஒழுக்கம். சித்தன்னவாசல் குகையின் விதானத்தில் தீட்டப்பட்ட தாமரைப் பொய்கை, சமவசரணத்துக் காதிகா பூமியைக் குறிக்கும் என்பர் ஆய்வாளர். பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் அக்கோயிலைப் புதுப்பித்தார். காண்போர் உள்ளம் அடங்குவதற்காகவே அக்கலை படைக்கப்பட்டது. எனவே இவ்விடங்களில் நடைபெறும் விழா எதுவாயினும், அதன் ஓசை அந்த அடக்கத்தைக் கெடுக்கலாகாது.

பிற சமயத்தாரின் அன்பு நமக்கு எவ்வளவு தேவை என்பதை அரிட்டாபட்டி காட்டிற்று. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், தீர்த்தங்கரர் திருமேனியும், பாண்டியர் காலச் சிவன் குடைவரையும் உள்ள ஊர் அது. 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அப்பகுதியை உள்ளடக்கி, டங்ஸ்டன் சுரங்கத்திற்கு 2024இல் ஏலம் விடப்பட்டது. சுற்றுவட்டாரச் சிற்றூர் மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 ஜனவரியில் மைய அரசு அந்த ஏலத்தை இரத்து செய்தது. அங்கே நம்மவர் குடும்பங்கள் அதிகம் இல்லை. ஜினர் திருமேனி இருக்கும் குன்றைக் காக்க முன்னின்றவர்கள், வேறு தெய்வங்களை வணங்கும் உழவர்களே.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. குன்றில் சென்றதும் முதலில் மௌனம் கொள்க. முழுச் சாமாயிகம் 48 நிமிடம். இயலாதவர் சிறிது நேரமேனும் காயோத்சர்க்கத்தில் நிற்கலாம்.

2. பாறைத் திருமேனிகளுக்குப் பாலோ எண்ணெயோ வார்த்தல் கூடாது, கல் கெடும். சுண்ணாம்பு பூசுதலும் பெயர் எழுதுதலும் குற்றம். பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் காவலாக உள்ளது.

3. ஊர்க் கோயிலாரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்தம் விழா நாளில் இடையூறு செய்யாது செல்க. இடம் எமதே என்று வழக்காடற்க.

4. கோடையில் காய்ந்த மலைச்சரிவுகளைத் தவிர்க்க. 2018 மார்ச் 11இல் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இன்றி இளைஞரை மலைக்கு அனுப்பற்க. தீ மூட்டற்க, ஒரு சிறு பொறியில் மடியும் சிற்றுயிர்கள் எண்ணற்றவை.

5. பொழுது சாயுமுன் உண்டு முடித்து இறங்குக.

குடும்பத்துடன் சிந்திக்க

அ. வணங்குதலுக்கும் மதித்தலுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் ஊர் நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு விளக்குக.

ஆ. பக்கத்து வீட்டுப் பிள்ளை, “இந்தச் சாமி யார்?” என்று கேட்டால், நான்கு வரிகளில் என்ன விடை கூறுவீர்கள்?

இ. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஜினர் குன்றை இன்று காத்து வருவோர் யாவர்? அவர்களுக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு யாது?

வளர்க அறம்!