கால் சொல்லும் தாளம்
(காவடிச் சிந்தின் வேகம், சுருதி, பாவம்: ஒரு சின்னப் பாடம்)



தை மாசம் பிறந்துவிட்டால் நம்ம ஊரிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பிவிடும். தாராபுரம் வழியாகச் சுமார் 80 கிலோமீட்டர். ஒரு வருஷம் எங்கள் தெருக் குழுவோடு நானும் நடந்தேன். முன்னால் ஒலிபெருக்கி கட்டிய வேன் பாட்டைப் போட்டுக்கொண்டே போகும், பின்னால் நாங்கள். தாராபுரம் தாண்டி, விடியற்காலையில் வேனின் பேட்டரி இறங்கிப் பாட்டு நின்றுவிட்டது. அதுவரை வாயே திறக்காத ஒரு பெரியவர், பவர் டேபிளில் உழைத்து ஓய்ந்தவர், மெதுவாக ஒரு காவடிச் சிந்தை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் எல்லார் காலும் ஒன்றாக விழுந்தன.

"ஏனுங்க அப்பாரு, இத்தனை நேரம் ஏன் பாடலீங்க?" என்று கேட்டேன்.

"அந்தப் பொட்டியில பாடறவங்க கட்டைக்கு என் தொண்டை ஏறாது கண்ணு. அந்த வேகத்துக்குக் காலும் வராது" என்றார்.

இந்தப் பதிலில் ஒரு இசைப் பாடமே இருக்கிறது. அதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

பாட்டு பிறந்த கதை

காவடிச் சிந்து என்றாலே நினைவுக்கு வருபவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். சங்கரன்கோவில் பக்கத்துக் கவிஞர். 1865-ல் பிறந்து 1891-ல் மறைந்தார். வாழ்ந்தது 26 வருஷம்தான். அவரை ஆதரித்த ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போனபோது, வழிநடைக் களைப்புத் தெரியாமல் இருக்கப் பாடப்பட்டவை இந்தச் சிந்துகள். அதாவது உட்கார்ந்து கேட்பதற்கு அல்ல, நடப்பதற்காகச் செய்த பாட்டு. இதை மறந்துவிட்டால் அதன் வேகமும் புரியாது, சுருதியும் புரியாது.

1. வேகம்

பாட்டின் வேகத்தை இசைக்காரர்கள் காலப்பிரமாணம் என்பார்கள். நமக்குச் சுலபமாகச் சொன்னால், மெஷினுக்கு நிமிஷத்துக்கு இத்தனை சுற்று என்பது போல, பாட்டுக்கு நிமிஷத்துக்கு இத்தனை தட்டு.

சாதாரணமாக நடக்கும்போது நிமிஷத்துக்குச் சுமார் 100 அடி வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அடிக்கு ஒரு தட்டு என்றால், ஒரு தட்டுக்கு 0.6 விநாடி. காவடிச் சிந்து பெரும்பாலும் திஸ்ர நடையில் போகும். ஒவ்வொரு தட்டுக்குள்ளும் 'தகிட' என்று மூன்று எண்ணிக்கை, ஒவ்வொன்றும் 0.2 விநாடி. இதையே 'தகதிமி' என்று நான்காகப் பிரித்தால் சதுஸ்ர நடை. எண்ணிக்கை ஒன்றுக்கு 0.15 விநாடி. நான்கில் பாடினால் போலீஸ் அணிவகுப்பு மாதிரி விறைப்பாக இருக்கும். மூன்றில் நெடிலும் குறிலுமாக ஒரு ஊசலாட்டம் வரும். தோளில் காவடி ஆடுவதும் அப்படித்தான். கும்மிக்கும் இந்த மூன்றுதான் வழக்கம். இந்தப் பிரிவுக்கு நம் முன்னோர் வைத்த பெயரே 'நடை' என்பதைக் கவனியுங்கள்!

உலகம் முழுக்க இப்படித்தான். அமெரிக்க நாட்டுப் பாடகர் ஜானி கேஷ் 1955-ல் பதிவு செய்த சிறைக் கைதியின் பாட்டில், கிடாரின் தாளம் ரயில் ஓடுகிற மாதிரியே போகும். அங்கே ரயில் சக்கரம், இங்கே மனிதன் கால்.

2. சுருதி

சுருதியையும் ராகத்தையும் நம்மில் பலர் குழப்பிக்கொள்கிறோம். பனியனை வைத்துச் சொல்கிறேன். பேட்டர்ன் ஒன்றுதான்; அதை 80 சைஸிலும் வெட்டலாம், 95 சைஸிலும் வெட்டலாம். பேட்டர்ன்தான் ராகம், சைஸ்தான் சுருதி. ஹார்மோனியத்தில் நடு ஸ்தாயி 1 கட்டையில் 'ச' சுமார் 262 ஹெர்ட்ஸ், 'ப' சுமார் 392. 2 கட்டைக்குப் போனால் 'ச' 294, 'ப' 440. எண்கள் மாறின, ஒன்றரை மடங்கு என்ற விகிதம் மாறவில்லை. அதனால்தான் எந்தக் கட்டையில் பாடினாலும் அதே பாட்டு என்று காது கண்டுபிடித்துவிடுகிறது.

காவடிச் சிந்துக்குப் பழகிப்போன ராகம் செஞ்சுருட்டி. 28-வது மேளமான ஹரிகாம்போதியில் பிறந்தது. 1 கட்டையை 'ச' ஆக வைத்தால் எல்லாம் வெள்ளைக் கட்டைகள். நிஷாதம் மட்டும் 6-க்கும் 7-க்கும் நடுவில் உள்ள கறுப்புக் கட்டை. இந்த ராகத்தின் விசேஷம், வழக்கமாக மேல் ஸட்ஜத்தைத் தொடுவதில்லை. கீழ்ப் பஞ்சமத்திலிருந்து நடு நிஷாதம் வரைதான் அதன் நடமாட்டம். உச்சியில் கத்த வேண்டிய இடமே இல்லை. வெயிலில், மூச்சு வாங்க நடக்கிறவனும் கூடச் சேர்ந்து பாடலாம். ஆனால் கட்டை அவனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பதிவு செய்த பாட்டில் சுருதி, பாடியவர் சைஸுக்கு வெட்டியாகிவிட்டது. நம் பெரியவருக்கு அந்தச் சட்டை பொருந்தவில்லை. அவர் தாமே எடுத்தபோது தன் கட்டையில் எடுத்தார், எங்களுக்கும் சரியாக இருந்தது.

3. பாவம்

ரெட்டியாரின் சிந்துகள் பலவற்றில் பேசுகிறவள் முருகன் மேல் காதல் கொண்ட ஒரு பெண். அவன் வரவில்லையே என்ற ஏக்கம். சொல்லை மட்டும் படித்தால் சோகம். ஆனால் பாட்டைக் கேட்டால் துள்ளல்! ஏன்? ஏக்கத்தைச் சொல் சுமக்கிறது, திஸ்ர நடை அதைத் தூக்கிக்கொண்டு முன்னே போகிறது. கால் வலிக்கிறது, ஆனாலும் மலையை நெருங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். பாதயாத்திரை போகிறவன் மனசும் இதேதானே?

அதே சிந்தைப் பாதி வேகத்தில் பாடிப் பாருங்கள், புலம்பல் ஆகிவிடும். இரண்டு மடங்கு வேகத்தில் டிரம்ஸோடு போட்டால் ஏக்கம் பறந்துபோய்க் கூச்சல் மட்டும் மிஞ்சும். ஆகவே பாவம் சொல்லில் மட்டும் இல்லை. வேகம், சுருதி, ராகம், சொல் நாலும் சேர்ந்த கலவை அது. ஒன்றை மாற்றினாலும் சாயம் மாறிவிடும்.

செய்முறை

உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பாடச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தட்டு என்று எண்ணுங்கள். ஹார்மோனியத்திலோ செல்போனிலோ அவருடைய 'ச' எந்தக் கட்டை என்று பாருங்கள். மூன்று நடையா, நான்கு நடையா என்று குறியுங்கள். கூடவே, எந்த வேலைக்கு, எந்த நேரத்தில் பாடினார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள். அது இல்லாமல் மற்ற எண்களுக்கு அர்த்தமில்லை.

பழனியில் அந்தப் பெரியவர் கடைசியாகச் சொன்னது: "கால் எட்டு வெக்கிறதுக்குத் தக்கன பாட்டு வரோணும் கண்ணு. பாட்டுக்காகக் கால் ஓடப்படாது."

வேன் பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடுத்த தைப்பூசத்துக்கு நடக்கிறவர்கள் அதை அரை மணி நேரமாவது நிறுத்திவிட்டு, வாயால் ஒரு சிந்து பாடிப் பாருங்கள். கூட ஒரு பெரியவர் இருந்தால், கட்டையை அவரே எடுக்கட்டும்.