ஆட்கள் புழங்கும் பழைய கட்டடத்தில் தீப் பாதுகாப்பு வேலையா?

2024 டிசம்பர் 12 இரவு, திண்டுக்கல்லில் திருச்சி சாலையில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் தீப்பிடித்தது. ஒரு சிறுமி உட்பட ஆறு பேர் இறந்தார்கள். சிலர் லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தார்கள். ஆட்கள் உள்ளே இருக்கும் கட்டடத்தில், வேலை நடக்கும் நாட்களிலும் தீப் பாதுகாப்பு விடுபடக் கூடாது.

அலுவலகம் நடந்துகொண்டிருக்கும்போதே அலாரம், தண்ணீர்க் குழாய்களை மாற்றுகிறீர்களா? மாடி மாடியாகச் செய்யுங்கள். புதியதைச் சோதித்து முடிக்கும்வரை பழையதைக் கழற்றவே கூடாது. கழற்றியே ஆக வேண்டுமென்றால், அந்த நேரம் முழுக்க விசிலும் டார்ச்சுமாக ஒருவர் சுற்றி வரட்டும். வெல்டிங் முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது அங்கே ஆள் நிற்க வேண்டும். தீப்பொறி பழைய கோப்புக் கட்டுக்குள் புகைந்து, எல்லோரும் போன பிறகுகூடப் பற்றலாம்.

கேபிளுக்காகத் துளைத்த ஓட்டைகளைத் தீ தாங்கும் பூச்சால் அடையுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்; புகை அந்த வழியாகத்தான் மேல்மாடிக்கு ஏறுகிறது.

மீட்டர் போர்டு தீக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் பக்கத்திலேயே இருக்கட்டும். படிக்கட்டில் அட்டைப்பெட்டி, பழைய நாற்காலி எதுவும் வேண்டாம். புகையைக் கண்டால் லிஃப்டைத் தொடாமல் படியில் இறங்கி, 101 அல்லது 112க்கு அழையுங்கள்.